சாடியோ மானே: ஒரு கிராமத்துப் பையனின் கால்களால் யார் யார் சம்பாதித்தார்கள்?

2022 அக்டோபர் 17, பாரிஸ். கால்பந்து உலகின் மிகப்பெரிய தனிநபர் விருதான பலோன் டி'ஓர் விழா. முதலிடம் கரீம் பென்ஸிமாவுக்கு. இரண்டாமிடம் செனகல் வீரர் சாடியோ மானேவுக்கு. 1995-ல் லைபீரியாவின் ஜார்ஜ் வியா இந்த விருதை வென்ற பிறகு, ஓர் ஆப்பிரிக்க வீரர் அதற்கு இவ்வளவு பக்கத்தில் வந்தது அதுதான் முதல்முறை.

அதே இரவில் மானேவுக்கு இன்னொரு விருதும் கிடைத்தது. சமூகப் பணிக்காக அந்த ஆண்டு புதிதாகத் தொடங்கப்பட்ட சாக்ரடீஸ் விருது. முதல் விருதே அவருக்குத்தான். காரணம் கோல்கள் இல்லை. செனகலின் தென்கோடியில் இருக்கும் பம்பாலி என்ற கிராமத்தில் அவர் கட்டிய மருத்துவமனையும் பள்ளிக்கூடமும்.

சமூக வலைதளங்களில் மானே பற்றி ஒரு டெம்ப்ளேட் கதை சுற்றிக்கொண்டே இருக்கும். ஏழைப் பையன், கிழிந்த பூட்ஸ், கோடீஸ்வரன், ஊருக்கு உதவி, கண்ணீர் எமோஜி. கதை பொய் இல்லை. ஆனால் பாதிதான். கிராமத்து மண் தரையில் ஆடிக்கொண்டிருந்த பையனை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது யார்? ஒவ்வொரு முறை அவர் கைமாறும்போதும் பணம் யாருக்குப் போனது? ஊருக்கு என்ன வந்தது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால், ஐரோப்பிய லீக்குகளில் ஆடும் நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்க வீரர்களின் கதையும் கிட்டத்தட்ட புரிந்துவிடும்.

பம்பாலி எங்கே இருக்கிறது?

செனகல் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். நாட்டின் நடுவில் ஒரு கோடு கிழித்ததுபோல காம்பியா என்ற குட்டி நாடு நீண்டு கிடக்கிறது. அதற்குத் தெற்கே உள்ள பகுதி கசமான்ஸ். தலைநகர் டக்காரிலிருந்து அங்கே போக வேண்டும் என்றால் காம்பியாவைக் கடக்க வேண்டும், அல்லது சுற்ற வேண்டும், இல்லையென்றால் கப்பல்.

1982 முதல் தனிநாடு கேட்டு ஆயுதக் கிளர்ச்சியைப் பார்த்த பகுதி இது. 2002 செப்டம்பரில் கசமான்ஸிலிருந்து டக்காருக்குப் போன 'லெ ஜோலா' கப்பல் கவிழ்ந்து 1,800-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். தலைநகர் தங்களைக் கண்டுகொள்வதில்லை என்ற கோபம் அங்கே பல காலமாக உண்டு.

அந்தப் பகுதியில் செதியூ வட்டாரத்தில் இருக்கும் கிராமம்தான் பம்பாலி. மானே 1992 ஏப்ரல் 10-ல் அங்கே பிறந்தார். அப்பா பள்ளிவாசல் இமாம். மானே சின்னப் பையனாக இருக்கும்போதே அவர் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். ஊரில் மருத்துவமனை கிடையாது. கொண்டுபோய்ச் சேர்க்க பக்கத்திலும் கிடையாது. இதை மானே பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

2002 மே 31. உலகக்கோப்பையின் தொடக்க ஆட்டம். முதல்முறையாக உலகக்கோப்பைக்கு வந்த செனகல், நடப்பு சாம்பியன் பிரான்ஸை 1-0 என வீழ்த்தியது. தன்னை ஒரு காலத்தில் ஆண்ட நாட்டை! அப்போது மானேவுக்கு 10 வயது. அந்த செனகல் அணியில் பெரும்பாலானோர் பிரெஞ்சு கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். ஊர் ஊராக செனகல் பையன்களுக்கு ஒரு விஷயம் அன்றைக்குப் புரிந்தது: மேலே போக வேண்டுமென்றால் வழி பிரான்ஸ் வழியாகத்தான்.

வீட்டை விட்டு ஓடிய பையன்

இமாம் குடும்பத்தில் கால்பந்து ஒரு தொழிலாகவே கருதப்படவில்லை. படிக்க வேண்டும், அவ்வளவுதான். மானேவுக்கு 15 வயது இருக்கும்போது யாரிடமும் சொல்லாமல் டக்காருக்குப் போய்விட்டார். குடும்பம் தேடிப் பிடித்துத் திரும்பக் கூட்டி வந்தது. இன்னும் ஒரு வருடம் பள்ளிக்குப் போகிறேன், அதற்குப் பிறகு என்னை விட்டுவிட வேண்டும் என்று அவர் பேரம் பேசினார். வீட்டில் ஒத்துக்கொண்டார்கள்.

டக்காரில் தேர்வு முகாமுக்குப் போனபோது நடந்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். தேர்வு செய்ய நின்ற ஒரு பெரியவர் அவருடைய பூட்ஸையும் டிரவுசரையும் மேலும் கீழும் பார்த்து, இதோடவா ஆட வந்தாய் என்கிற மாதிரி கேட்டிருக்கிறார். இருப்பதிலேயே நல்லது இதுதான் என்று மானே பதில் சொன்னார். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெரியவரே அவரைத் தேர்வு செய்தார்.

அவர் சேர்ந்த இடத்தின் பெயர் ஜெனரேஷன் ஃபுட்.

அகாடமி என்ற நுழைவாயில்

ஜெனரேஷன் ஃபுட், மாடி டூரே என்பவர் 2000-ல் டக்கார் பகுதியில் தொடங்கிய கால்பந்து அகாடமி. 2003-ல் பிரான்ஸின் மெட்ஸ் கிளப்போடு ஒப்பந்தம் போட்டது. டீல் சிம்பிள். மெட்ஸ், அகாடமிக்குப் பணமும் வசதியும் தரும். பதிலுக்கு அங்கே வளரும் நல்ல வீரர்களை முதலில் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு மெட்ஸுக்கு.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு? ஃபிஃபா விதி. 2001 முதல், 18 வயதுக்குக் கீழே உள்ள வீரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு மாற்றக் கூடாது. சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. அதற்கு முன்பு, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 14, 15 வயதுப் பையன்களை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போய், கிளப் தேர்வு செய்யவில்லை என்றால் நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்த ஏஜென்டுகள் ஏராளம். அப்படிக் கைவிடப்பட்ட பையன்களுக்காக பாரிஸில் கேமரூனின் முன்னாள் வீரர் ஜான்-கிளாட் எம்பூமின் 'ஃபுட் சொலிடேர்' என்ற அமைப்பையே தொடங்க வேண்டியிருந்தது.

விதி வந்த பிறகு ஐரோப்பிய கிளப்புகள் யோசித்தன. பையனை இங்கே கொண்டுவர முடியாது என்றால், பயிற்சியை அங்கே கொண்டுபோய்விடலாம். 18 வயது ஆனதும் கூட்டி வரலாம். இதனால் பையன்களுக்குச் சாப்பாடு, படிப்பு, முறையான பயிற்சி எல்லாம் சொந்த நாட்டிலேயே கிடைக்கிறது. அது நல்ல விஷயம். அதே நேரம், திறமையை மிகக் குறைந்த விலையில் முதல் ஆளாக அள்ளும் வாய்ப்பு ஐரோப்பிய கிளப்புக்குப் போகிறது. போலி ஏஜென்டுகளும் ஒழிந்துவிடவில்லை. அகாடமியில் இடம் கிடைக்காத பையன்களின் பெற்றோரிடம் பணம் பறிக்கும் வேலை இன்றும் நடக்கிறது.

மெட்ஸ் வழியில் போன பெயர்களைப் பாருங்கள்: பாபிஸ் சிஸே, டியாஃப்ரா சாகோ, இஸ்மாயிலா சார், பாபே மதார் சார். எல்லோரும் பிறகு இங்கிலாந்து பிரீமியர் லீக் வரை போனவர்கள். மானேவும் அதே ரூட்.

2011-ல் அவர் மெட்ஸுக்குப் போனபோது வீட்டில் அம்மாவுக்கே சொல்லவில்லை. பிரான்ஸிலிருந்து போன் பண்ணி "நான் ஐரோப்பாவில் இருக்கிறேன்" என்றதும் அம்மா நம்பவே இல்லையாம். முதல் லீக் ஆட்டம் 2012 ஜனவரியில். இரண்டாவது டிவிஷனில் இருந்த மெட்ஸ், அந்த சீசன் முடிவில் மூன்றாவது டிவிஷனுக்கு இறங்கியது. கிளப்புக்குப் பணம் தேவை. கையில் இருந்த நல்ல சரக்கு மானே.

டிரான்ஸ்ஃபர் பணம் யாருக்குப் போகும்?

இங்கே ஒரு சின்ன விளக்கம் அவசியம். ஐபிஎல் ஏலத்தில் ஒரு வீரர் 10 கோடிக்குப் போனார் என்றால், அந்தப் பத்துக் கோடி அவருடைய சம்பளம். கால்பந்து டிரான்ஸ்ஃபர் அப்படி இல்லை. அந்தத் தொகை வாங்கும் கிளப்பிலிருந்து விற்கும் கிளப்புக்குப் போகிறது. வீரரின் சம்பளம் தனிக் கணக்கு. ஒப்பந்தம் முடிவதற்குள் வீரரை விடுவிப்பதற்கான விலைதான் டிரான்ஸ்ஃபர் தொகை.

இப்போது மானேவின் கணக்கைப் பாருங்கள்.

2012: மெட்ஸிலிருந்து ஆஸ்திரியாவின் ரெட் புல் சால்ஸ்பர்க், சுமார் 40 லட்சம் யூரோ.

2014: சால்ஸ்பர்க்கிலிருந்து இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன், 1.18 கோடி பவுண்டு.

2016: சவுத்தாம்ப்டனிலிருந்து லிவர்பூல், போனஸ் சேர்த்து 3.4 கோடி பவுண்டு. அன்றைய தேதியில் வரலாற்றிலேயே அதிக விலை பெற்ற ஆப்பிரிக்க வீரர்.

2022: லிவர்பூலிலிருந்து ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக், உறுதியான தொகை மட்டும் 3.2 கோடி யூரோ.

ஒரு கிளப் வாங்கும், இரண்டு வருடம் மெருகேற்றும், இரண்டு மடங்கு, மூன்று மடங்குக்கு விற்கும். இது சால்ஸ்பர்க்குக்குத் தொழில் முறையே. எர்லிங் ஹாலண்ட், டொமினிக் சொபோஸ்லாய் எல்லாம் அந்தக் கடையிலிருந்து போனவர்கள்தான்.

சால்ஸ்பர்க் அவருக்கு என்ன கற்றுக்கொடுத்தது?

மானேவை சால்ஸ்பர்க்குக்குக் கொண்டுவந்தவர் அப்போது அங்கே விளையாட்டு இயக்குநராக இருந்த ரால்ஃப் ராங்னிக். பயிற்சியாளர் ரோஜர் ஷ்மிட். இருவருக்கும் ஒரே மந்திரம்: பந்தை இழந்த அடுத்த நொடியே எதிரணி மேல் பாய வேண்டும். முன்வரிசை வீரர்தான் முதல் தடுப்பாளர்.

வேகமும் டிரிபிளிங்கும் மானேவிடம் ஏற்கெனவே இருந்தன. அவற்றோடு இந்த 'பிரஸ்ஸிங்' பழக்கமும் சேர்ந்ததும் ஆள் வேற லெவலுக்குப் போனார். 2014 ஜனவரியில் நடந்த ஒரு நட்பு ஆட்டத்தில் பெப் கார்டியோலாவின் பேயர்னை சால்ஸ்பர்க் 3-0 என அடித்தது. மானேவும் ஒரு கோல். அந்த சீசனில் லீக், கோப்பை இரண்டும் சால்ஸ்பர்க்குக்கு. மொத்தம் 87 ஆட்டங்களில் 45 கோல்களோடு அவர் அங்கிருந்து கிளம்பினார்.

கிளம்பிய விதம் அவ்வளவு அழகாக இல்லை. 2014 ஆகஸ்டில், சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் மால்மோவுக்கு எதிரான முக்கியமான ஆட்டத்தின்போது, வேறு கிளப்புக்கு விடச் சொல்லி அவர் அணியிலிருந்து ஒதுங்கினார். சால்ஸ்பர்க் 3-0 எனத் தோற்று வெளியேறியது. சில நாட்களில் சவுத்தாம்ப்டன் டீல் முடிந்தது. எப்போதும் சிரித்த முகம், அமைதியான மனுஷன் என்ற இமேஜுக்குள் இந்தப் பிடிவாதமும் இருக்கிறது. வீட்டை விட்டு ஓடியவருக்கு இது ஒன்றும் புதுசில்லைதான்.

176 விநாடிகள்

2015 மே 16. சவுத்தாம்ப்டன் - ஆஸ்டன் வில்லா. மானே மூன்று கோல் அடிக்க எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 56 விநாடி. இன்ஸ்டாவில் இரண்டு ரீல்ஸ் பார்க்கும் நேரம். பிரீமியர் லீக்கின் அதிவேக ஹாட்ரிக் அதுதான். 1994-ல் ராபி ஃபவுலர் வைத்திருந்த 4 நிமிடம் 33 விநாடி சாதனை காலி.

அடுத்த வருடம் மார்ச்சில் லிவர்பூல் சவுத்தாம்ப்டனுக்கு வந்தது. 2-0 என முன்னிலையும் பெற்றது. மாற்று வீரராக இறங்கிய மானே இரண்டு கோல் போட, சவுத்தாம்ப்டன் 3-2 என ஜெயித்தது. எதிரணி பெஞ்சில் நின்று இதைப் பார்த்தவர் யூர்கன் கிளாப்.

கிளாப்புக்கு மானேவை ஏற்கெனவே தெரியும். டார்ட்மண்ட் பயிற்சியாளராக இருந்தபோது ஒருமுறை மானேவைச் சந்தித்துப் பேசியிருக்கிறார். சாய்த்துப் போட்ட தொப்பியும் தலைமுடி ஸ்டைலுமாக வந்த பையனைப் பார்த்து, இவன் யாரோ வளர்ந்துவரும் ராப் பாடகன் மாதிரி இருக்கிறானே, இதற்கெல்லாம் நேரமில்லை என்று விட்டுவிட்டார். ஆளை எடைபோடுவதில் தான் சறுக்கிய கதையாக கிளாப்பே இதைப் பிற்பாடு பலமுறை சொன்னார். 2016 ஜூனில் லிவர்பூலுக்காக அவர் செய்த முதல் பெரிய கொள்முதல் மானே.

லிவர்பூலில் ஆறு வருடம்

அறிமுக லீக் ஆட்டத்திலேயே ஆர்செனலுக்கு எதிராக கோல். அடுத்த வருடம் எகிப்தின் முகமது சலா வந்து சேர்ந்தார். நடுவில் பிரேசிலின் ராபர்ட்டோ ஃபிர்மினோ. கால்பந்து பார்த்தவர்கள் மறக்க முடியாத முன்வரிசை.

2018 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டிக்கு முன்பு பம்பாலிக்கு 300 லிவர்பூல் ஜெர்சிகளை அனுப்பிவைத்தார் மானே. ஊரே சிவப்பு. அந்த இறுதியில் அவர் கோல் அடித்தும் ரியல் மாட்ரிட் 3-1 என ஜெயித்தது. அடுத்த வருடம் டோட்டன்ஹாமை 2-0 என வீழ்த்தி லிவர்பூல் கோப்பையைத் தூக்கியது. 2018-19 லீக்கில் 22 கோல். கோல்டன் பூட்டை சலா, கபானின் ஔபமயாங், மானே மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். உலகின் பணக்கார லீக்கில் அதிக கோல் அடித்த மூவரும் ஆப்பிரிக்க நாடுகளுக்காக ஆடுபவர்கள். 2019-20ல், 30 ஆண்டுகள் காத்திருந்த லிவர்பூலுக்கு லீக் பட்டம். மொத்தக் கணக்கு: 269 ஆட்டங்கள், 120 கோல்கள்.

கிளப்பா, நாடா?

ஐரோப்பாவில் ஆடும் ஆப்பிரிக்க வீரர்களுக்கு உள்ள ஒரு தலைவலி இது. ஆப்பிரிக்கக் கோப்பை பெரும்பாலும் ஜனவரி - பிப்ரவரியில் நடக்கிறது. ஜூன், ஜூலையில் வைத்தால் பல நாடுகளில் மழைக்காலம். ஆனால் ஜனவரி என்பது ஐரோப்பிய சீசனின் நடுப்பகுதி. கிளப் முறைக்கும், நாடு கூப்பிடும்.

2017 ஜனவரியில் காலிறுதியில் கேமரூனிடம் பெனால்டி ஷூட்-அவுட்டில் செனகல் தோற்றது. தவறவிட்டவர் மானே. அழுதுகொண்டிருந்தவரைத் திரும்ப அழைத்துவர லிவர்பூல் தனி விமானம் அனுப்பியது. மூன்று நாளில் செல்சிக்கு எதிராக மாற்று வீரராகக் களத்தில் இறங்கினார். தோல்வியை நினைத்து அழக்கூட நேரமில்லை.

2019-ல் போட்டியை ஜூன், ஜூலைக்கு மாற்றினார்கள். அது வேறு விதமான கஷ்டம். ஜூன் 1-ல் சாம்பியன்ஸ் லீக் இறுதி, ஜூலை 19-ல் கெய்ரோவில் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி. அல்ஜீரியாவிடம் 1-0 என தோல்வி. நான்கு வாரம் கூட ஆகாமல், ஆகஸ்ட் 14-ல் இஸ்தான்புல்லில் ஐரோப்பிய சூப்பர் கோப்பையில் செல்சிக்கு எதிராக இரண்டு கோல். ஐடி கம்பெனியில் ஒரு புராஜெக்ட் முடிந்த மறுநாளே அடுத்த புராஜெக்ட்டில் போட்டால் எப்படி இருக்கும்? அதுதான். ஆனால் இங்கே தேய்வது கால்கள்.

2022 பிப்ரவரி 6. கேமரூன் தலைநகர் யாவுண்டே. மறுபடியும் இறுதிப்போட்டி. எதிரே எகிப்து, அதாவது சலா. ஏழாவது நிமிடத்திலேயே செனகலுக்குப் பெனால்டி. மானே அடித்தார். எகிப்து கோல் கீப்பர் கபாஸ்கி தடுத்துவிட்டார். 2017 ஞாபகம் வராமல் இருந்திருக்காது. 120 நிமிடம் முடிந்தும் 0-0. ஷூட்-அவுட். செனகலின் ஐந்தாவது, தீர்மானிக்கும் பெனால்டியை எடுக்க வந்தது மறுபடி மானேதான்.

இந்த முறை பந்து வலைக்குள்.

செனகல் வரலாற்றில் முதல் ஆப்பிரிக்கக் கோப்பை. பயிற்சியாளர் அலியூ சிஸே, 2002 இறுதிப்போட்டியில் கேப்டனாகப் பெனால்டியைத் தவறவிட்டவர். 20 வருடக் கடன் அன்றைக்குத் தீர்ந்தது. அடுத்த மாதமே உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றில் மறுபடி எகிப்து, மறுபடி ஷூட்-அவுட், மறுபடி முடித்துவைத்த பெனால்டி மானேவுடையது.

மியூனிக்கில் என்ன ஆனது?

2022 ஜூனில் பேயர்ன். ஒப்பந்தத்தில் ஒரு வருடம்தான் பாக்கி இருந்தது. அதற்குப் பிறகு என்றால் இலவசமாகப் போய்விடுவார் என்பதால் லிவர்பூல் விற்றது. ராபர்ட் லெவண்டோவ்ஸ்கி கிளம்பிய இடத்தில் அவரை வைத்துப் பார்த்தார்கள். விங்கில் வளர்ந்தவர், நடுவில் தடுமாறினார்.

நவம்பர் 8, வெர்டர் பிரேமனுக்கு எதிரான ஆட்டத்தில் வலது கால் எலும்பில் காயம். உலகக்கோப்பை தொடங்க இரண்டு வாரம்கூட இல்லை. செனகல் அவரை அணியில் சேர்த்துவிட்டுக் காத்திருந்தது. கடைசியில் அறுவை சிகிச்சை. கத்தார் கனவு போச்சு. அவர் இல்லாமல் செனகல் இரண்டாவது சுற்று வரை போய் இங்கிலாந்திடம் தோற்றது.

2023 ஏப்ரலில் மான்செஸ்டர் சிட்டியிடம் 3-0 என தோற்ற பிறகு உடை மாற்றும் அறையில் சக வீரர் லெராய் சானேவோடு கைகலப்பு. பேயர்ன் அவருக்கு அபராதம் போட்டு ஓர் ஆட்டத்துக்கு வெளியே உட்காரவைத்தது. 38 ஆட்டங்கள், 12 கோல்கள், ஒரு லீக் பட்டம். ஒரே சீசனில் கதை முடிந்தது. 2023 ஆகஸ்டில் சவுதி அரேபியாவின் அல் நஸர். ஐரோப்பிய அத்தியாயம் அத்தோடு முடிந்தது. மெட்ஸில் தொடங்கி மியூனிக் வரை சுமார் 12 வருடம்.

சரி, பம்பாலிக்கு என்ன கிடைத்தது?

இப்போது பணக் கணக்குக்குத் திரும்புவோம். ஒரு வீரரைச் சிறுவயதில் வளர்த்த கிளப்புகளுக்கும் பங்கு போக வேண்டும் என்று ஃபிஃபாவில் ஒரு விதி உண்டு. பெயர் 'சொலிடாரிட்டி' பங்களிப்பு. நாடு விட்டு நாடு நடக்கும் டிரான்ஸ்ஃபர் தொகையில் 5 சதவீதத்தை, வீரரின் 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பதிவு செய்து பயிற்சி கொடுத்த கிளப்புகள் பிரித்துக்கொள்ளும். 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு வருடத்துக்கும் 0.25 சதவீதம். 16 முதல் 23 வரை வருடத்துக்கு 0.5 சதவீதம்.

புரிவதற்காக 3.4 கோடி பவுண்டு என்ற தொகையில் இதைப் போட்டுப் பார்க்கலாம். 5 சதவீதம் என்றால் 17 லட்சம் பவுண்டு. அதில் 16 வயதுக்கு மேலான எட்டு வருடத்துக்கு 13.6 லட்சம். 12 முதல் 15 வயது வரையிலான நான்கு வருடத்துக்கு 3.4 லட்சம்.

இங்கேதான் சிக்கல். அந்த நான்கு வருடம் மானே எங்கே ஆடினார்? பம்பாலியின் மண் தரையில். அது கிளப் இல்லை. பதிவு இல்லை, ரசீது இல்லை, லெட்டர்பேடு இல்லை. ஃபிஃபா விதி பதிவு பெற்ற கிளப்பைத்தான் பார்க்கும், ஊரைப் பார்க்காது. பையனைப் பெற்று, சோறு போட்டு, ஆடவிட்ட கிராமத்துக்கு அந்தச் சூத்திரத்தில் கட்டமே கிடையாது.

பதிவு இருந்த சின்ன கிளப்புகளுக்கும் இந்தப் பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததில்லை. எந்த ஊரில் எந்த வீரர் எவ்வளவுக்கு விற்கப்பட்டார் என்று தெரிந்துகொண்டு, ஆவணம் திரட்டி, அவர்களே கேட்டு வாங்க வேண்டும். அதனால்தான் 2022 நவம்பரில் 'ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. வீரரின் பதிவு வரலாற்றைப் பார்த்து, பங்கைக் கணக்கிட்டு, பணத்தை அந்த அமைப்பே அனுப்பும். நல்ல மாற்றம். ஆனால் அதுவும் பதிவு இருக்கும் கிளப்புக்குத்தான்.

பம்பாலிக்கு வந்தது எல்லாம் மானேவின் சொந்தச் சம்பளத்திலிருந்து. 2019-ல் ஒரு மேல்நிலைப் பள்ளிக்குப் பணம் கொடுத்தார். 2021 ஜூனில் மருத்துவமனை திறக்கப்பட்டது. செய்திகளில் வெளிவந்த செலவு சுமார் 4.55 லட்சம் பவுண்டு. மகப்பேறு வசதியும் உண்டு. பம்பாலியோடு சுற்றுவட்டாரக் கிராமங்களும் அங்கேதான் வருகின்றன. திறப்பதற்கு முன் அப்போதைய செனகல் அதிபர் மக்கி சாலை நேரில் சந்தித்து மருத்துவர்கள், பணியாளர்கள் பற்றிப் பேசினார் மானே. கட்டடத்தை ஒரு வீரர் கட்டிவிடலாம். டாக்டரை அரசுதான் அனுப்ப வேண்டும்.

பாராட்டோடு முடிக்க வேண்டிய கதையா?

மானேவைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பாராட்டுக்குள் ஒரு சங்கடமான கேள்வி இருக்கிறது. ஒரு கிராமத்துக்கு மருத்துவமனை வர, அந்த ஊரில் பிறந்த ஒருவர் உலகின் தலைசிறந்த பத்து வீரர்களில் ஒருவராக வேண்டுமா? கசமான்ஸில் பம்பாலி போல எத்தனையோ ஊர்கள். அங்கெல்லாம் மானே பிறக்கவில்லை.

அகாடமிகள் பக்கமும் இரண்டு விதமாகப் பேசலாம். ஐரோப்பிய கிளப்புகள் மலிவாக வாங்கி லாபம் பார்க்கின்றன என்பது உண்மை. அதே அகாடமிகள்தான் செனகல் கால்பந்தையும் தூக்கி நிறுத்தின என்பதும் உண்மை. 2022-ல் ஆப்பிரிக்கக் கோப்பை வென்ற செனகல், 2023-ன் முதல் பாதிக்குள் உள்நாட்டு லீக் வீரர்களுக்கான ஆப்பிரிக்க சாம்பியன்ஷிப், 20 வயதுக்குட்பட்டோர் கோப்பை, 17 வயதுக்குட்பட்டோர் கோப்பை என மூன்றையும் அள்ளியது. ஒரு மானேவால் மட்டும் இது நடக்காது. உள்ளூரில் பயிற்சி, மைதானம், பயிற்சியாளர் என்று ஒரு கட்டமைப்பு உருவானால்தான் நடக்கும்.

அடுத்த முறை டிரான்ஸ்ஃபர் சீசனில் "ஆப்பிரிக்க வீரர் இத்தனை கோடிக்கு ஒப்பந்தம்" என்று நோட்டிஃபிகேஷன் வரும்போது, அந்தத் தொகைக்குப் பின்னால் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். அவர் எந்த அகாடமியிலிருந்து வந்தார்? இதற்கு முன் எந்த கிளப் அவரை எவ்வளவுக்கு வாங்கியது? அவர் முதன்முதலில் பந்தை உதைத்த ஊருக்கு இதில் ஏதாவது போகுமா?

முதல் இரண்டு கேள்விக்கு கூகுளில் பதில் கிடைத்துவிடும். மூன்றாவதற்குப் பெரும்பாலும் அந்த வீரரின் மனசுதான் பதில்.